சலவைத் தொட்டிப் பெண்களின் போர்

லாவெர்னூ, 3 மே 1987

அன்புள்ள கிலேனுக்கு,

நலமா? நீ கோபித்துக்கொண்டு ரெய்ம்ஸுக்குப் போய் எட்டு மாதமாகிறது. ஊரே விசாரிக்கிறது.

பள்ளி அலமாரியில், அங்கே வாத்தியாராக இருந்த உன் அப்பாவின் பழைய நோட்டு கிடைத்தது. 1814-இல் ஊருக்குள் புகுந்த ரஷ்யக் குதிரைவீரர்களை, துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணி அடிக்கும் கட்டையாலேயே விரட்டினார்களாம். ஊர்ப் பொதுச் சலவைத் தொட்டிச் சுவரில் கல்வெட்டு வைக்கிறேன். ஜூன் 14 திறப்பு. மேயரின் மனைவி பக்கத்தில் இல்லாவிட்டால் நன்றாயிருக்காது. வா, மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

உன் ரெஜிஸ்

*

ரெய்ம்ஸ், 9 மே

மேயர் அவர்களுக்கு,

அது வரலாறு இல்லை. வகுப்பில் கொடுத்த சொல்வதெழுதுதல். பாடத்தில் சொந்த ஊர் வந்தால் பிள்ளைகள் தூங்காது என்று அப்பாவே கதை கட்டுவார். அந்தக் குதிரைவீரர்கள் வந்தது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு ஏழு பிழை.

நீங்கள் பாரிஸ்காரர், தெரிந்திருக்க நியாயமில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். அந்தப் பழக்கம்தான் உங்களுக்குக் கிடையாதே.

கல்லில் அப்பா பெயராவது உண்டா?

கிலேன்

*

லாவெர்னூ, 15 மே

அன்புள்ள கிலேன்,

பொறாமை உனக்கு. கேட்டுவிட்டேன். "சின்ன வயசுலேருந்தே தெரியுமுங்க மேயரய்யா, வரிக்கு வரி சொல்லுவோம்" என்றார் கறிக்கடை ஒனோரே. இதைவிட என்ன சான்று வேண்டும்?

'கண்டறிந்தவர்: மேயர் ரெஜிஸ் துலாக்' என்று பொறித்தாகிவிட்டது. உன் அப்பா வெறுமனே எழுதிவைத்தவர்தானே. நீ வந்தால் போதும்.

ரெஜிஸ்

*

ரெய்ம்ஸ், 15 ஜூன்

மேயர் அவர்களுக்கு,

நேற்று வந்திருந்தேன். கூட்டத்தின் பின்வரிசையில்.

நீங்கள் வாசித்தபோது எல்லோருடைய உதடும் கூடவே அசைந்தது. பரவசம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். "மெல்லப் படிக்கச் சொல்லுங்கப்பா, நான் இன்னும் எழுதி முடிக்கல" என்றார் ஒனோரே. "பேசாத, வாத்தியார் காதத் திருகிடுவாரு" என்றாள் ரொட்டிக்கடை மரீஸ். அங்கிருந்த முப்பது வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேரும் அப்பாவிடம் அதை எழுதியவர்கள்.

நீங்கள் விருந்துக்குப் போனதும், உங்கள் பெயருக்குக் கீழே ஒனோரே சாக்கட்டியால் 'எதியேன் பெர்தோ, ஆசிரியர்' என்று எழுதினார். மழையில் அழியும். மறுபடி எழுத வாரத்துக்கு ஒருவர் என்று முறை போட்டிருக்கிறார்கள். அப்பாவைப் பற்றி இனி எனக்குக் கவலையில்லை.

விவாகரத்துத் தாளில் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறேன்.

கல்வெட்டைப் பற்றி ஊரில் யாரும் உங்களிடம் வாய்திறக்க மாட்டார்கள். நீங்கள் இங்கே வந்த ஒன்பது வருஷமாக எதைப் பற்றியும் திறந்ததில்லை. நான் ஒருத்திதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

கிலேன் பெர்தோ