கொக்கின் கழுத்து

பாளையங்கோட்டை,
விரோதிகிருது வருஷம், தை மாதம் 12ந் தேதி.

என் செல்ல மகள் நீலாம்பாளுக்கு அப்பா தில்லைநாயகம் எழுதுவது. காந்திமதியம்மை உனக்குத் துணையிருப்பாளாக. நான் சுகம். உன் சுகத்தை உன் கையாலேயே எழுது.

நாங்குநேரியில் மாமா வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு கடிதங்களை நீதான் உரக்க வாசிப்பதாக மேலப்பாளையம் துணிக்காரர் ஹாஜா சொன்னார். எட்டு வயதில் அது பெரிய காரியம். இதையும் அப்படியே வாசி. மாமா குற்றாலலிங்கம் பிள்ளை நடுவில் எழுந்து போனால், அவர் வரும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கு.

உனக்குப் பிடித்த கொக்குக் கதைதான். குளக்கரையில் ஒரு கிழக் கொக்கு நின்று கண்ணீர் விட்டது. எதுக்கு அண்ணாச்சி அழுதிய என்று மீன்கள் கேட்டன. இந்தக் குளம் வத்தப் போகுது பிள்ளைகளா, மலைக்கு அங்கிட்டு ஒரு சுனை இருக்கு, ஒவ்வொருத்தரா கொண்டுபோய் விடுதேன் என்றது கொக்கு. யாரும் வலை வீசவில்லை, தூண்டில் போடவில்லை. நான் முந்தி, நீ முந்தி என்று மீன்கள் தாமே அதன் வாயில் ஏறிக்கொண்டன.

போன வருஷத்துக்கு முந்தின ஆனியில் ஆற்றங்கரை ஊர்களில் வாந்திபேதி வந்து உன் அம்மா பிரம்மநாயகி போய்விட்டாள். பதினாறாம் நாள் மாமா வண்டியோடு வந்தார். ஊர் தெளிஞ்சதும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுதேன் மாப்பிள்ளை என்றார். நானே உன்னைத் தூக்கி வண்டியில் வைத்தேன். ஆவணியில் ஊர் தெளிந்துவிட்டது.

கடைசியாக நண்டின் முறை. அது கொக்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போனது. வழியில் ஒரு பாறை நிறைய மீன் முள். சுனை எங்கன இருக்கு வே என்றது நண்டு. என் வயித்துக்குள்ளதான் என்று கொக்கு சிரித்தது.

நானும் முள்ளைப் பார்த்துவிட்டேன் மகளே. உன் அம்மா பெயரிலுள்ள சீவலப்பேரி வயலின் நெல் இரண்டு வருஷமாக நாங்குநேரிக்கு வண்டி ஏறுகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தாய்மாமன் மடியில் வைத்து உனக்குக் காது குத்தியாகிவிட்டது. பிள்ளை உம்மை மறந்தாச்சு, வர மாட்டேங்கா என்று மாமா எனக்கு எழுதினார். இப்போது, இருபத்துமூன்று வயதான தம் மகனுக்கு உன்னைப் பங்குனியில் நிச்சயம் செய்ய, உன் அளவுக்குச் சிற்றாடைப் பட்டு எடுத்திருக்கிறார். அளந்து கொடுத்தவர் ஹாஜாதான்.

நண்டு கொடுக்கை இறுக்கியது. திரும்பும் வே குளத்துக்கு என்றது. கொக்கு கெஞ்சிக்கொண்டே திரும்பிப் பறந்தது.

இந்த இடத்தில் நீ என் வாயைப் பொத்துவாய். கொக்கு பாவம், விட்டுரச் சொல்லுங்கப்பா என்பாய். உனக்காக நண்டு விட்டுவிட்டதாகச் சொல்லி வந்தேன். அது பொய். கரை வந்து சேர்ந்த பிறகுதான் நண்டு கழுத்தை நறுக்கியது. அதைக் குளத்துக்குள் இழுத்துப்போய் மிச்ச மீன்களுக்கெல்லாம் காட்டியது.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் வண்டி கொண்டு வருகிறேன். உன் பாவாடைகளை மடித்து வை. வக்கீல் எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்டாயிற்று. நான் தனியாகத் திரும்பினால், திங்கட்கிழமை கோர்ட்டில் அது தாக்கலாகும். நெல்லுக்கும் பட்டுக்கும் நாங்குநேரியே பார்க்க மாமா பதில் சொல்லுவார். நீ வந்துவிட்டாலும் அந்த மனுவை நான் கிழிப்பதாக இல்லை. கரை சேர்ந்த பிறகு நடந்ததை மாமா மறக்க வேண்டாம்.

ஆனால் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டால் நீ மறுபடி என் வாயைப் பொத்துவாய். அப்போது நான் என்ன சொல்லுவேன் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் மாமா உன்னை அனுப்புவதுதான் அவருக்கு நல்லது.

நீ நூறு வயது இருக்க வேண்டும். உன் மாமாவும் நெடுங்காலம் இருக்கட்டும். அவர் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

இப்படிக்கு,
உன்னை வண்டியில் ஏற்றிவிட்ட
அப்பா.