விசாரித்த வகையில்

சென்னை
4-9-1938

அன்புள்ள தங்கை ஜானகிக்கு அண்ணன் கந்தவேலின் ஆசிகள். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

சர்வகலாசாலைப் புத்தகசாலையில் வாரம் இரண்டு வகுப்பு எடுக்கிறேன் என்று எழுதியிருந்தேனே, அது இழுபறிதான். ஒரு சங்கதியை எந்தப் புத்தகத்தில் தேடுவது, எழுதினவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று பார்ப்பது, இவ்வளவுதான் பாடம். தொண்டை வறண்டதுதான் மிச்சம். கைக்குக் கிடைத்த முதல் புத்தகத்தை அப்படியே பார்த்தெழுதிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

ராசிபுரம் நெசவு நூல்கடை மருதாசலத்தின் ஜாதகம் பொருந்துவதாக எழுதியிருந்தாய். அவசரம் வேண்டாம். குணம் எப்படி, குடி உண்டா, வலிப்பு கிலிப்பு உண்டா என்று அந்தப் பக்கம் நமக்குத் தெரிந்த காளியண்ணன், பச்சமுத்து, செல்லமுத்து மூவருக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். எந்த மாப்பிள்ளையைப் பற்றியும் கேட்கிற கேள்விகள்தான்.

கந்தவேல்

சென்னை
28-9-1938

அம்மணி ஜானகிக்கு,

மாப்பிள்ளைக்கு வலிப்பு இருக்கிறதாம். மூன்று பேரும் அதையே எழுதியிருக்கிறார்கள். மூன்று இடத்திலிருந்து ஒரே சொல் வந்தபிறகு பார்க்க என்ன இருக்கிறது? இந்த இடம் வேண்டாம். இதோடு நாலு இடம் தட்டிப்போயிற்று. உனக்குச் சலிப்பாக இருக்கும். எனக்கும் அலுத்துவிட்டது.

கந்தவேல்

சேந்தமங்கலம்
9-10-1938

அண்ணனுக்கு ஜானகி வணக்கம். அம்மா நடமாடுகிறாள்.

செல்லமுத்து நம்ம ஊட்டுக்கு வந்திருந்தார். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "பச்சமுத்து சொன்னானுங்க சாமி" என்றார். பச்சமுத்தைக் கேட்டால் காளியண்ணனைக் கை காட்டினார். காளியண்ணன் சொன்னது இது: "எனக்கென்ன தெரியும் அம்மணி? உங்கண்ணன்தான் மெட்ராசிலிருந்து எழுதிக் கேட்டாருங்க. படிச்சவர், விசயமில்லாமலா வலிப்பு உண்டான்னு கேப்பாரு?"

ஆக, முதலில் சொன்னது நீங்கள்தான் அண்ணா.

ராசிபுரம் பூராவும் இப்போது இதே பேச்சு. மருதாசலத்தின் தங்கைக்குப் பேசி வைத்த இடமும் நின்றுவிட்டது. டாக்டர் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தும் ஒருத்தரும் நம்பவில்லை. அவர் அம்மா இங்கே வந்து அழுதுவிட்டுப் போனார்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. சந்தையில் பார்த்திருக்கிறேன். கூச்சப்பட்டுக்கொண்டிருந்தால் ஆகாது என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் இன்னொரு கடிதம் போட்டால் இது தீராது. சம்மதமில்லாத ஊட்டில் பெண்ணைச் சேர்ந்தவர்கள் கை நனைக்கமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வருகிற சனி புரட்டாசிக் கடைசி சனி. அவர்கள் ஊட்டில் பெருமாளுக்குப் படையல், தெருவே வரும். நீங்கள் வந்து ஒரு வாய் சாப்பிட்டால் போதும். முடியாதென்றால் இனி எனக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாம்.

ஜானகி

சென்னை
12-10-1938

அம்மணிக்கு,

வகுப்புக்குப் போகிற வழியில் உன் கடிதத்தைப் படித்தேன். மூன்று பேர் சொன்னார்கள் என்று நம்பினேனே தவிர, உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரையும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை மேலதிகாரி என் வகுப்பைப் பார்க்க வருகிறார். நான் இல்லாவிட்டால் வகுப்பையே நிறுத்திவிடுவார்களாம். லீவு கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள்.

நிறுத்தினால் நிறுத்தட்டும். வெள்ளிக்கிழமை ரயிலில் வாரேன். மருதாசலத்தின் அம்மாவிடம் சொல்லிவை. எனக்கு உள்ளே இலை போட வேண்டாம். வாசல் நடையிலேயே போடட்டும். தெருக்கதவு திறந்திருக்கட்டும்.

கந்தவேல்