எமகண்டம் கழியட்டும் என்று இருந்தேன்

சனி, 12 ஓகஸ்ட் 2006. ஹாலே.

காலையிலிருந்து தூறல். வேலைச் சப்பாத்து ஈரம். ஆஸ்பத்திரிக் குசினியில் இன்றும் உருளைக்கிழங்கு சூப். இரண்டு மணிக்கு வீடு.

கடதாசிப் பந்து இன்று தொடக்கம். எட்டாவது வருடம். ஆறு பேர், ஆறு கடதாசி அணிகள். ஜேர்மன் லீக்கில் எந்தக் கழகத்திலிருந்தும் பதினொரு பேரைப் பொறுக்கலாம். மூன்றரைக்கு ஆட்டம் தொடங்க முதல் கணக்கு வைக்கும் ரஞ்சனுக்குப் போனில் சொல்லிவிட வேண்டும். அவர்கள் மைதானத்தில் ஆடுவதற்கு இங்கே எங்களுக்குப் புள்ளி. ஒவ்வொரு சனியும் சோடி சோடியாக மோதல்.

அகதி முகாமில் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள். ஐந்து பேர் மேற்கே எசன் பக்கம் போய்விட்டார்கள். நான் மட்டும் அரசாங்கம் ஒதுக்கித் தந்த இந்த ஊரிலேயே. வேலை இருக்கிறது, அதுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

அணியைச் சொல்லக் கொஞ்ச நேரம், பிறகு நக்கல், ஊர்க்கதை. கிழமையில் நான் தமிழ் பேசுவது அப்போது மட்டும்தான். இந்த ஊரில் தமிழே இல்லையென்றும் சொல்ல முடியாது. பழைய காப்பகத்தில் பாதிரிமார் கொண்டுவந்த தமிழ் ஏட்டோலைகள் இருக்கின்றனவாம். அவையும் என்னைப் போல வாய் திறக்காமல் கிடக்கின்றன.

இன்று அணியைச் சொல்லி முடித்ததும் ரஞ்சன் தொண்டையைச் செருமினான். "மச்சான், ஒரு விசயம். வசந்தியும் விளையாடப் போறன் எண்டு நிக்கிறாள். ஏழு பேர் எண்டால் சோடி சேராது. அதால நாலாவது ஆட்டத்தோட கடைசியா நிக்கிறவர் விலகிறது, அந்த இடத்துக்கு இவள். மற்றவங்கள் எல்லாம் ஓம் எண்டிட்டாங்கள்."

வசந்தி அவன் மனைவி. எட்டு வருடமாக எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பவள். நியாயம்தானே. நானும் ஓம் என்றேன்.

பின்னேரம்: நாங்கள் 'பூனை' என்று பட்டம் வைத்த என் கோல்காப்பாளனுக்குச் சிவப்பு அட்டை. தோல்வி.

ஞாயிறு, 13.

தமிழ்க் கடைக் கலண்டரை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். சனிக்கிழமை எமகண்டம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை. நேற்று நான் அணியைச் சொன்னது அதன் நட்டநடுவில். பூனை பிறகு எப்படி வெளியே போகாமல் இருப்பான்.

கோயில் பக்கம் போய் எத்தனையோ வருடம். பயம் வந்தால் பஞ்சாங்கமும் கூடவே வருகிறது.

ஊரில் மறுபடி சண்டை. யாழ்ப்பாணப் பாதை பூட்டியாச்சு என்று செய்தி. எனக்கு அங்கே போன் எடுக்க ஒருவரும் இல்லை. நிம்மதி என்று இதைச் சொல்லக் கூடாது.

வாங்க: பருப்பு, மிளகாய்த்தூள், பல்பு.

சனி, 19.

மூன்று மணி அடிக்கும்வரை போனைத் தொடவில்லை. வசந்தி எடுத்தாள்.

"இவர் குளிக்கிறார் அண்ணை. சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

சொன்னேன். முன்வரிசையில் 'கட்டையன்' பெயர் வந்ததும் நிறுத்தினாள். "அவன் ஓடுறானில்லை அண்ணை. பந்து வருமெண்டு ஒரே இடத்தில நிக்கிறான்."

"நிக்கிறதுதான் அவன்ர கெட்டித்தனம்."

"அப்ப சரி. அங்க யாழ்ப்பாணத்தில அம்மாவை நினைச்சு எனக்கு ஒண்டுமே ஓடுறேல்ல. லைன் கிடைக்குதில்லை."

ஒரே ஒரு புள்ளியால் தோல்வி. போன கிழமை எவ்வளவு மோசம், இந்தக் கிழமை ஒரு புள்ளிதான். கலண்டர் வேலை செய்கிறது.

சனி, 26.

சமநிலை. கட்டையன் அடித்த பந்து கம்பத்தில். பட்ட காலிலே படும்.

ஆறு பேரில் தயாளனும் நானும் ஒரே நிலை, அடியில். நாலாவது ஆட்டம் எனக்கும் அவனுக்கும். இனி மூன்று கிழமை கழித்துத்தான். இடையில் நாட்டு அணி ஆட்டம், அது இது என்று.

தயாளன் போனில்: "மச்சான், உன்ர இடத்தில வசந்தி வந்தால் அணிக்கு ஒரு வடிவாவது வரும்." சிரித்தேன். வைத்துவிட்டுக் கதிரையில் அப்படியே இருந்தேன். அவனுக்கு மனைவி, மூன்று பிள்ளை, கோயில், பக்கத்து வீட்டிலேயே சகலன். தோற்றால் அவனுக்கு என்ன போகிறது? எனக்குச் சனிக்கிழமை போகிறது.

செவ்வாய், 5 செப்ரெம்பர்.

பல் வைத்தியரிடம் டெர்மின், இரண்டு மாதம் முன்பே குறித்தது. நித்திரையில் பல்லைக் கடிக்கிறேனாம். வேலையில் நெருக்கடியா என்று கேட்டார். உதைபந்தாட்டம் என்றேன். அவர் தலையாட்டினார், தனக்கும் அப்படித்தானாம். ஜேர்மன்காரனுக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

குசினிப் பொறுப்பாளர் பிரிகிட்டே: கரட் கிழங்கோடு என்ன கதைக்கிறாய்? நான் தமிழில் முணுமுணுத்திருக்கிறேன். பதினொரு பேரின் பெயர்.

வெள்ளி, 15.

அணி முடிவு. மாற்றவில்லை. பிறகு மாற்றினேன். பிறகு பழையபடி.

தோற்றால் இனி வரும் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். சலவை. வேறு ஒன்றும் வரவில்லை.

சனி, 16.

நல்ல வெயில்.

இரண்டேகாலுக்கே வீட்டில். போன் மடியில். அப்போதே எடுத்திருக்கலாம். எமகண்டம் கழியட்டும் என்று இருந்தேன்.

மூன்று அடித்ததும் எடுத்தேன். எங்கேஜ் சத்தம், யாரோ கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். மறுபடி. மறுபடி. மூன்றேகால்வரை நம்பரைத் தட்டினேன். தயாளனுக்கு அடித்தேன், என் அணியை நீ கேட்டு வை, சாட்சி சொல்லு என்று.

"ரஞ்சன் வீட்டு லைன்ல சொன்னால்தான் கணக்கு மச்சான். எஸ்எம்எஸ்ஸும் செல்லாது, ஆள்மாறிச் சொன்னாலும் செல்லாது. போன வருசம் அந்தச் சட்டம் கொண்டுவந்ததே நீதானே."

நான்தான். ஒருவரும் போன் எடுக்காமல் குறுஞ்செய்தியோடு தப்பிவிடக் கூடாது என்று கொண்டுவந்தேன்.

வானொலியில் ஆட்டம் தொடங்கிவிட்டது. அணி இல்லாமல் கேட்டேன். கட்டையன் இரண்டு கோல். தயாளனின் ஆட்கள் படுமோசம். சொல்லியிருந்தால் வென்றிருப்பேன்.

பிறகு ரஞ்சன் எடுத்தான். "மச்சான், அங்க லைன் கிடைச்சது. ஒரு மாதத்துக்குப் பிறகு. வசந்தி தாயோட கதைச்சவள்."

"எப்பிடி இருக்கினமாம்?"

"உயிரோட இருக்கினம். அரிசிதான் இல்லையாம்." பிறகு அவனே, "உன்ர அணி மச்சான்... மற்றவங்களிட்டக் கேட்டுப் பாக்கிறன்."

"வேண்டாம். சட்டம் சட்டம்தான். இனி வசந்தி விளையாடட்டும்."

இதைச் சொல்லும்போது ஏதோ பெரிய மனிதன் மாதிரித்தான் குரல் வந்தது. வைத்த பிறகு அழுதேன். ஒரு பந்து விளையாட்டுக்கு, நாற்பத்தொரு வயதில்.

ஞாயிறு, 17.

நேற்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் இடத்துக்காக அவள் வேண்டுமென்றே லைனைப் பிடித்து வைத்திருந்தாளோ என்று நினைத்தேன். எழுதவே கை கூசுகிறது. தாயோடு பேசிக்கொண்டிருந்த பெண்ணை.

கலண்டரைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் போட்டேன்.

புதன், 20.

ஓய்வு நாள். மிளகாய்த்தூள் என்ற சாட்டில் ரயிலேறி லைப்சிக் போனேன். ஆசியக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பொடியன், போனில் தமிழ். கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பேச்சில் ஒரு இடைவெளி வரும்வரை நின்றேன்.

"தமிழோ?" என்றேன்.

"ஆமா சார், சென்னை. ஆபீஸ் கால்ல இருக்கேன், சாரி."

நல்ல பிள்ளை. மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போனான். மிளகாய்த்தூள் வாங்க மறந்துவிட்டேன்.

வெள்ளி, 22.

நாளைக்குக் கூடுதல் நேரம் வேலை தர முடியுமா என்று பிரிகிட்டேயிடம் கேட்டேன். ஆள் நிறைய இருக்கிறதாம். வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்றாள்.

சனி, 23.

காற்று. வீட்டுக்கு நேரே வராமல் ஆற்றங்கரை வழியாக நடந்தேன். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் வீடு வந்துவிடுகிறது. பருப்பு அடுப்பில். சலவை போட்டேன்.

மூன்றுக்கு முதலே போன். யாரோ தவறான நம்பர் என்று நினைத்தேன்.

"அண்ணை, வசந்தி. பத்துப் பேர் எழுதிப்போட்டன். முன்னுக்கு நிக்க ஆளில்லை. கட்டையனைப் போடட்டோ?"

"அவன் ஓடுறானில்லை எண்டு நீர்தானே சொன்னனீர்."

"ஓடாமல்தானே ரெண்டு அடிச்சவன்."

மணிக்கூட்டைப் பார்த்தேன். "இப்ப எமகண்டம் வசந்தி. மூண்டுக்குப் பிறகு எடும்."

"மூண்டுக்குப் பிறகு அம்மாவுக்கு அடிச்சுப் பாக்க வேணும். இப்பவே சொல்லுங்கோ. எனக்கு இவரிட்டக் கேக்கேலாது, என்ர முதல் ஆட்டமே இவரோடதான்."

கட்டையனைப் போடச் சொன்னேன். கோல்காப்பாளனை மாற்றச் சொன்னேன். மாட்டேன் என்றாள், பூனைதான் வேண்டுமாம், ஒரு சிவப்பு அட்டைக்காக ஆளை விட்டுவிடுவதா என்றாள். சண்டை பிடித்தோம். நடுவரிசையில் இடப்பக்கம் யார் என்பதில் இன்னொரு சண்டை. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, அவ்வளவு பேச்சு.

பின்னால் ரஞ்சனின் குரல்: "ஆரோட இவ்வளவு நேரம் கதைக்கிறாய்?"

"என்ர ட்ரெய்னரோட" என்றாள் வசந்தி. பிறகு எனக்கு: "அடுத்த சனியும் இந்த நேரம் எடுக்கிறன் அண்ணை. வேலையால வந்திடுவியள்தானே?"

ஓம் என்றேன்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. சட்டியை ஊறப் போட்டிருக்கிறேன். மூன்றரை ஆகப் போகிறது, வானொலி.