தேறியது போல நடமாடும் நாட்கள்

ஜனவரி 19, திங்கள்
பன்னிரண்டாம் வகுப்பில் அணுக்கரு பாடம். வெண்ணிலா எழுந்து கேட்டாள்: "மிஸ், நியூட்ரான் குண்டு போட்டா ஆளுக மட்டும் செத்து, கட்டடமெல்லாம் அப்படியே நிக்குமாங்க?"

எனக்கு எங்கள் கோழிப்பண்ணைதான் கண்ணில் வந்தது. பறவைக் காய்ச்சல் என்று போன வாரம் அத்தனை கோழிகளையும் கொன்று குழியில் மூடிவிட்டுப் போனார்கள். ஷெட் நிற்கிறது, கூண்டு நிற்கிறது. நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன்.

ஜனவரி 20
சொன்னேன். கட்டடம் நிற்கும் என்பது பாதிப் பொய். கிட்டத்தில் உள்ளது தரைமட்டம். தள்ளித்தான் சுவர் நிற்க, ஆள் விழுவான். சின்ன ஹைட்ரஜன் குண்டுதான். ஆனால் நியூட்ரான்களைப் பிடித்து வைக்கும் யுரேனிய உறை கிடையாது, வெளியே பாயட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். எதற்கு? டாங்கிப் படையை நிறுத்த. வெடியைத் தாங்கும் எஃகையும் நியூட்ரான் துளைத்துப் போகும். உள்ளே இருப்பவன் உடம்பு பெரும்பகுதி தண்ணீர். அதிலுள்ள ஹைட்ரஜனில் மோதி உயிரணுக்களைக் குலைக்கும்.

"ஒடனே செத்துருவாங்களா மிஸ்?"

"எல்லாரும் இல்ல சாமி. கொஞ்சம் பேரு வாந்தியெடுத்துட்டு, நாலஞ்சு நாள் தேறுன மாதிரி நடமாடுவாங்க. அப்பறந்தான்..."

ஜனவரி 22
என் வீட்டுக்காரர் இன்றும் காலிக் கூண்டுகளில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறார். வெளியாள் வந்தால் செருப்பைக்கூட மருந்துத் தண்ணீரில் முக்காமல் உள்ளே விடமாட்டார். "உங்கண்ணன் பண்ண முட்ட அட்டதானேன்னு மருந்தடிக்காம எறக்கிட்டேன் புள்ள." இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணன் பண்ணையில் நோய் இருந்ததும், முட்டை அடுக்கும் அட்டையோடு அது இங்கே வந்ததும் அப்போது யாருக்குத் தெரியும்? சொந்தத்தை யாராவது சந்தேகப்படுவார்களா?

ஜனவரி 24
குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். நல்லா இருக்குது என்று சாப்பிட்டார்.

ஜனவரி 26
சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, சிரித்துப் பேசினார். "எம் பையன் தேறிட்டான் சாமி" என்றார் அத்தை. தேறுன மாதிரி — நான்தானே பாடம் எடுத்தேன்! பண்ணை மருந்து ரூம் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கிறது. கேட்கலாமா? கேட்டால் நானே நினைப்பை எடுத்துக் கொடுத்ததாகுமோ? ஐயோ, யாரிடம் போய்ச் சொல்வேன்.

ஜனவரி 27
லீவு சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே ஷெட்டுக்குப் போனேன்.

"பள்ளிக்கோடம் போவலியா?"

"போவுல. ஏனுங்க, செத்துப் போயரலாம்னு இருக்கறீங்களா?"

கேட்டேவிட்டேன். கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இல்லை என்று சொல்லவில்லை. கடவுளே, இல்லை என்று சொல்லவில்லை.

"அட்ட எங்கண்ணனூட்டுது. பழின்னா எனக்கும் பாதி உண்டுங்க" என்று கத்தினேன். அப்படியே உட்கார்ந்து அழுதார். நானும்.

ஜனவரி 28
நாளைக்குச் சேலத்து மனநல டாக்டரிடம் வர ஒப்புக்கொண்டார். சாயங்காலம் அடுப்படிக்கு வந்து சாவியை என் கையில் வைத்தார்.

"இத நீயே வெச்சுக்க."

வாசல் வரை போனவர் திரும்பினார். "சனிக்கெழம கொளம்புல உப்பே இல்ல புள்ள."