ஆள்காட்டி விரலின் தோல்

செப். 12, வியாழன்

இல்லை, வலி எப்போதோ போய்விட்டது. இப்போது தடித்த தோல்தான், இடது கை நான்கு விரல் நுனியிலும். கிதார்க்காரர்கள் சந்தித்தால் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். எங்கள் குழுவின் லீட் கிதார் சைமன் என் நுனிகளை அழுத்திவிட்டு, "இப்பத்தாம்பா நீ ஆளு" என்றானே, அன்று எனக்குத் தூக்கமில்லை.

மழை, விட்டு விட்டு. அம்மாவோடு பாவு பிணைப்பு, அதாவது தறியின் நெடுக்கு நூல்களை. பழைய பாவின் ஒவ்வோர் இழை நுனியோடும் புதியதின் ஓர் இழையை வைத்து முறுக்க வேண்டும். அது முடியாமல் அப்பாவின் தறி ஓடாது. எனக்கு இடது கைப் பழக்கம், முறுக்குவதும் அதால்தான்; கிதார் மட்டும் மற்றவர்களைப் போல வலது கையால் மீட்டுவது. புதிய இழை ஒன்றுக்குப் பதில் இரண்டைச் சேர்த்து முறுக்கியிருக்கிறேன், மூன்று இடத்தில். விரலுக்குத் தெரியவே இல்லை.

"இன்னாடி, தூங்கிக்கினே முறுக்குனியா?"

என் விரலைத் தடவிப் பார்த்தாள். மூன்றையும் பிரித்தாள்.

13, வெள்ளி

வாங்க: தந்தி ஒரு செட், கொசுவத்தி, நகம் தேய்க்கும் அரம்.

ஞாயிறு ஒரு கல்யாண வரவேற்பில் வாசிப்பு. முதல் மேடை. தோலைத் தேய்த்தால் மேடை போச்சு. தேய்க்காவிட்டால் பாவு.

ஒத்திகை, சைமன் வீட்டு மாடி. அரை மணி நேரம் சுருதி சேர்த்தான். பேஸ் வாசிக்கும் ஜமீல்: "டேய், மாப்ளைக்கு அறுபதாம் கல்யாணமே வந்துடும்டா."

விஷயத்தைச் சொன்னேன். முறுக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டியும் போதும். கட்டைவிரல் தந்தியைத் தொடுவதில்லை. ஆக, சிக்கல் ஒரே விரல்.

"கேப்போ போட்டுக்க" என்றான் ஜமீல். கிதார் கழுத்தில் தந்திகளைக் கவ்வும் கிளிப். ஆள்காட்டியின் வேலையை அது பார்க்கும், மிச்சத்தை மூன்று விரல்.

சைமன் முகம் சுருங்கியது. "கேப்போ போடறவன்லாம் கிதாரிஸ்ட்டுன்னு சொல்லிக்கினு திரியக் கூடாது."

பிறகு உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தான். ரப்பர் நன்றாகத் தேய்ந்தது. "அக்காவோடது."

சைமனுக்கு அக்கா இல்லை.

14, சனி

வெந்நீரில் விரல். அரம். ஆறு மாதத் தோல், வெள்ளைப் பொடியாக. கொஞ்சம் அழுகை. அபத்தம்.

மூன்று விரலில் எட்டுப் பாட்டு. ஒன்று வரவில்லை, விட்டாயிற்று.

15, ஞாயிறு

எல்லோர் கண்ணும் சாப்பாட்டுக்கூடத்தின் மேல். பிழை இரண்டு. கைதட்டல் உண்டு. சைமன் முழு நேரமும் என் கேப்போவை மறைத்துக்கொண்டு நின்றான். காப்பாற்றியது என்னையா, கிதாரின் மானத்தையா?

16, திங்கள்

அம்மா தனியாகவே பாதி முடித்திருக்கிறாள். இழையை நீட்டினாள். "முறுக்கு, பாக்கலாம்."

விரலுக்குத் தெரிந்தது. ஒரே ஓர் இழை, கூசும் அளவுக்கு.

இழுத்துப் பார்த்தாள். நின்றது. "நேத்து எப்படி வாசிச்ச?"

"ஒரு வெரலு கம்மிம்மா."

"எனக்கோசரமா?"

"தறிக்கோசரம்."

"பேச்சப் பாரு. தள்ளி உக்காரு, வெளிச்சத்த மறைக்கிற."

நகர்ந்து உட்கார்ந்து, அடுத்த இழையை எடுத்தேன்.