மேசையில் வைத்த வெறுங்குடுவை

அண்ணை,

இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் இப்போதுதான் தொலைபேசியில் பேசி முடித்தார். "தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டம். போன முறை மாதிரி வடை சுட்டுக்கொண்டு வாங்கோ. உங்கட வடைக்கெண்டே சனம் வரும்." வராமல் என்ன? வந்து, தின்று, கை தட்டினால் அவர் மறுபடியும் தலைவர். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்ததே கிடையாது. ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்தால், பிரிட்ஜுக்கு மேலே உங்கள் சுரைக்குடுவை. கறுத்து வழவழத்துப்போய், பனை எண்ணெய் வாசம் இன்னும் லேசாக ஒட்டியபடி. வந்த கோபத்தில் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நைஜீரியாக்காரரை ஏன் அண்ணை என்கிறாய் என்று என் கணவர் கேட்டதுண்டு. வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆஸ்பத்திரிக் குசினியில் ஒரே ஷிப்டில் சமையலுக்கு நின்றோம். உங்கள் யொரூபா இனத்து ஆட்களும் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள் என்று சொன்னீர்கள். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. நாம் பேசியது இரண்டு பேருக்கும் இரவலான ஆங்கிலம்தான். ஆனால் நினைக்கும்போது உங்கள் குரல் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது.

லண்டன் லூயிஷாம் சந்தையில் நீங்கள் தடாலென்று விழுந்தது நினைவிருக்கிறதா? மீன்கடைக்கு முன்னால், ஈரத் தரையில், நல்ல கோட்டோடு, முகம் குப்புற. நான் மரவள்ளிக்கிழங்குப் பையைப் போட்டுவிட்டு, "ஐயோ, ஆரும் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ!" என்று தமிழிலேயே கத்தினேன். நீங்கள் எழுந்து, கோட்டைத் தட்டிக்கொண்டு சிரித்தீர்கள்.

"நான் விழேல்லை, தங்கச்சி. கும்பிட்டனான். இவ என்ர ஊர் ஆள், என்ர அம்மாவுக்கும் மூத்தவ."

உங்களுக்கு முன்னால் தள்ளுவண்டியோடு ஒரு கிழவி நின்று உங்களை வாழ்த்திக்கொண்டிருந்தார். நாங்கள் கொடிமரத்துக்கு முன்னால் விழுகிற சாதி. ஒரு மனிசருக்கு இன்னொரு மனிசர் மீன்கடைக்கு முன்னால் விழுவதை அன்றுதான் கண்டேன்.

பஸ்ஸுக்கு நின்றபோது ஒமொலுவாபி என்ற சொல்லைச் சொன்னீர்கள். நல்ல வளர்ப்பும் குணமும் உள்ள ஆள் என்று அர்த்தம். பெரியவர்களுக்குப் பணிவு, சொன்ன சொல் மாறாமை, எளியவனையும் மதிப்பது, எல்லாம் அதற்குள் அடக்கம். "தலைவனா வாறவனிட்டை நாங்கள் முதல் பார்க்கிறது அதைத்தான்" என்றீர்கள்.

"அது இல்லாதவன் தலைவனா வந்திட்டால்?"

"பழைய காலத்தில எண்டால், சபையார் போய் அரசனுக்கு முன்னால வெறுங்குடுவையை வைப்பினம். இனி நீ எங்களுக்கு வேண்டாம் எண்டு அர்த்தம். அதோட அவன் தன்ர உயிரைத் தானே முடிச்சுக்கொள்ளவேணும்."

எங்கள் ஊரில் தலைமையைக் கேள்வி கேட்டவன்தான் செத்தான். என் தம்பியை யார் கொண்டுபோனார்கள் என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் உரத்துச் சொல்வதில்லை, லண்டனில் கூட. உங்கள் ஊரிலோ, கேட்கப்பட்டவன் சாகவேண்டுமாம்!

பிறகு உங்கள் நாட்டில் சனம் போட்ட வாக்கைச் சிப்பாய்கள் ரத்துச் செய்தார்கள். அந்தச் சிப்பாய்களிடம் மந்திரிப் பதவி வாங்கிக்கொண்டு உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் லண்டனுக்கு வந்தார். ஊரவர் எல்லாம் என் பக்கம்தான் என்று காட்டிக்கொள்ள அவருக்கு ஒரு கூட்டம் தேவைப்பட்டது. தேவாலய மண்டபத்தில் உங்கள் ஊர்ச் சங்கம் கூடியது. என்னை வடையோடு வரச் சொன்னீர்கள். ஏன் என்று சொல்லவில்லை.

ஒவ்வொருவராகப் போய் அவர் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். உங்கள் முறை வந்தது. நீங்கள் முதலில் முன்வரிசையில் இருந்த அந்தச் சந்தைக் கிழவிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டீர்கள். எழுந்தீர்கள். நேரே மேசைக்குப் போய், வெள்ளைத் துணி மூடிய ஒன்றை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்றீர்கள். பரிசு என்று நினைத்து அந்த மனிசன் பல்லெல்லாம் தெரியத் துணியை விலக்கினார். வெறுங்குடுவை.

அவர் முகம் சாம்பலாகிப்போனது. பிறகு கிழவி ஒரு தடவை கை தட்டினார். நானும் தட்டினேன், எண்ணெய்க் கையோடு.

அதற்கு உங்களுக்குக் கிடைத்தது என்ன? பெரியவரை அவமதித்தவன் என்று ஊர்ச் சங்கம் உங்களை விலக்கியது. உங்கள் அம்மா ஊரில் இறந்தபோது, விமான நிலையத்திலேயே சிப்பாய்கள் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று போகாமல் இருந்தீர்கள். அன்றைக்கும் வேலைக்கு வந்தீர்கள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அழுதீர்கள்.

அந்த மனிசனோ? இன்னொரு ஜெனரல் வந்து துரத்திவிட, லண்டனுக்கு ஓடிவந்து ஜனநாயகம் பேசத் தொடங்கினார். வெட்கங்கெட்ட பிறவி! போன மாரியில் உங்கள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவர் ஒரு ஒமொலுவாபி" என்றார். அந்த வாயால், அந்தச் சொல்லை. நான் எழும்பப் போனேன். உங்கள் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தார். "வேண்டாம். ஆரையும் அவமதிக்க வேண்டாமெண்டு அவர் சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

இதில்தான் உங்களோடு எனக்குப் பிணக்கு, அண்ணை. ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்தபோது என்னிடமும் அதைத்தான் சொன்னீர்கள். "நான் குடுவையை வைச்சது அந்தப் பதவிக்கு. அந்த மனிசனிலை எனக்குக் கோபமில்லை." எனக்கு இருக்கிறது! உங்கள் அம்மாவின் குழிக்கு ஒரு பிடி மண் போடவிடாதவர்கள் மேல் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. உங்கள் பொறுமை உங்களோடு போகட்டும். அது எனக்கு வேண்டாம். குடுவையை மட்டும் உங்கள் மனைவி என்னிடம் தந்துவிட்டார்.

இதை எழுதும் இடையில் எழும்பிப்போய், குடுவையை எங்கள் தலைவருக்கு முன்னால் வைக்கப்போகிறேன் என்று சொன்னதும் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "உனக்கேன் உந்த வில்லங்கம்? ஊரில பட்டது போதாதே?"

"போதும். அதுதான் போறன்" என்றேன்.

ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஆட்களுக்கு வெறுங்குடுவையின் அர்த்தம் தெரியாது. ஆப்பிரிக்கக் கைவேலை, நல்ல அன்பளிப்பு என்று தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினாலும் போர்த்துவார். ஆகவே வாயைத் திறந்துதான் சொல்லவேண்டும். "ஐயா, இதுக்குள்ள ஒண்டுமில்லை. வாக்கெடுப்பு வையுங்கோ, இல்லாட்டிக் கதிரையை விட்டு எழும்புங்கோ." கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்குகிறது. நடுங்கட்டும்.

தொலைபேசியில் அவருக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் ஐயா, கட்டாயம் கொண்டு வாறன்."

உளுந்து ஊறப்போடப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குள் போனதும், முன்வரிசையில் இருக்கும் எங்கள் கிழவிகளுக்கு முதலில் குனிந்து கும்பிடுவேன். பிறகு நிமிர்ந்து, நேரே மேசைக்குப் போவேன்.