ஒரே மேஜைக்காரர்கள்

அன்புள்ள சுண்டெலிக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம், சமையலறைக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகுகிறது. உன் தொண்டைக் கரகரப்பு சரியாகிவிட்டதா என்று எழுது. முதலில் மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். உன் அப்பா உன்னைச் செல்லமாகக் கூப்பிடும் பெயரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டதற்கு ஒன்று, கடிதம் எழுதுவதற்கே இன்னொன்று. கையில் போன் இருக்கும்போது யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். போனை எடுத்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரிந்ததுதானே. உன் அப்பாவை மணந்து நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வருஷம் நீயும் இங்கே இருந்தாய், அந்த இரண்டு வருஷமும் நாம் பேசிக்கொண்டதை எழுதினால் ஒரு தபால் அட்டையில் இடம் மிச்சமிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ படிப்பை விட்டுவிடப் போவதாகவும், சூழலியல் வகுப்பில் வாத்தியார் சொல்கிற வார்த்தைகளில் பாதி புரியவில்லை என்றும் அப்பாவின் சோபாக் கடைக்குப் போன் செய்தாயாம். ‘அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா’ என்றும் சொன்னாயாம். உன் அப்பாவிடம் போய் ரகசியம் சொன்னாயே, உன்னை என்ன சொல்வது! சட்டையில் ஒட்டிய சோபாப் பஞ்சைக்கூடத் தட்டவில்லை, செருப்பைக் கழற்றுவதற்குள் முழுவதையும் கொட்டிவிட்டார். கொட்டிவிட்டு, ‘நான் சொன்னேன்னு சொல்லாத, நீயா கண்டுபிடிச்ச மாதிரி வெச்சுக்கோ’ என்று எனக்கு உத்தரவு வேறு. அப்புறம் குரல் இறங்கிவிட்டது. ‘நீ படிச்சவளாச்சே, ஏதாவது வழி சொல்லேன்’ என்றார்.

படிச்சவள்! எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், அந்தப் பெருமையெல்லாம் முதல் நாள் தாவரவியல் வகுப்போடு போய்விட்டது. வீட்டில் கேட்க ஆளில்லை, வகுப்பில் கேட்க வாயில்லை. முழு முழு வார்த்தையாக விழுங்கினேன், தேர்வன்று எல்லாம் எதுக்களித்தது. ஒருநாள் ‘சிம்பயோசிஸ்’ என்ற சொல்லையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அதற்குள்ளிருந்து ‘பயோ’ எட்டிப் பார்த்தது. கல்யாண வீட்டில் தெரிந்த முகம் ஒன்று இருந்தால் பந்தியில் இடம் கிடைத்துவிடும் இல்லையா, அதைப் போலத்தான். பயோ என்றால் உயிர், வாழ்வு. சிம் என்றால் சேர்ந்து. சேர்ந்து வாழ்வது, அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து விழுங்குவதை விட்டுவிட்டு நறுக்க ஆரம்பித்தேன். தலை, நடுத்துண்டு, வால். எல்லாம் பழைய கிரேக்கமும் லத்தீனும்தான், உன் வாத்தியாருக்கும் அது தாய்மொழி இல்லை, தைரியமாக இரு.

உன் பாடத்தின் பெயரையே எடுத்துக்கொள். எக்காலஜியின் தலையில் இருக்கும் எக்கோவுக்கு வீடு என்று அர்த்தம். வீட்டைப் பற்றிய படிப்பு, அதைப் படிக்க வீட்டை விட்டு இவ்வளவு தூரம் போயிருக்கிறாய். அனேரோபிக்கை நறுக்கினால் அன் என்பது இல்லை, ஏரோ என்பது காற்று, காற்றில்லாமல் வாழ்வது என்று அர்த்தம், நீ ஜன்னலைத் திறக்காமல் துவைக்காத துணிகளோடு குடியிருந்த உன் அறையை நினைத்துக்கொள், ஜென்மத்துக்கும் மறக்காது. யூட்ரோஃபிகேஷன் என்று ஒன்று வரும், பயப்படாதே. யூ என்றால் நல்ல, ட்ரோஃப் என்றால் ஊட்டம். ஊட்டம் அதிகமானால் குளத்தில் பாசி மூடி, மீன் மூச்சுத் திணறிச் செத்துவிடும். நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அந்தப் பச்சைத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரும்போதெல்லாம், உனக்குப் பார்சல் மேல் பார்சல் கட்டும் உன் அப்பாவைத்தான் நினைத்துக்கொள்வேன். பாரா என்றால் பக்கத்தில், சைட் என்றால் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் பாரசைட். பேப்பர் படிக்க வந்து டீ வரும்வரை எழுந்திருக்காத மேல்மாடிக்காரரை நான் சொல்லவில்லை, உன் அப்பாதான் சொன்னார். அவருக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. நேற்று கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஹைட்ரோன்னா தண்ணி, சைட்டுன்னா சாப்பாடு, அப்போ சூப்புக்கு ஹைட்ரோசைட்டுன்னு பேர் வெக்கலாமா?’ என்று கேட்கிறார். நீ அப்படி இஷ்டத்துக்கு ஒட்டிவிடாதே, நறுக்குவது சொல்லின் வாசல்வரை கொண்டுபோய் விடும், உள்ளே போகப் புத்தகத்தைத் திறந்துதான் ஆகவேண்டும்.

பாடம் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, நானே அப்பாவிடம் பேசுகிறேன். வார்த்தைக்குப் பயந்து படிப்பை விடாதே. உனக்குப் பிடிக்காமல் இல்லை, அது எனக்குத் தெரியும். குளத்துத் தண்ணீரும் நத்தையுமாக ஜாம் பாட்டிலைச் சமையலறை ஜன்னலில் வைத்து, யாரும் கழுவக்கூடாது என்று சுவரைப் பார்த்துச் சொன்னாயே, இன்னும் கழுவவில்லை. ஆவியாகும் தண்ணீரை மட்டும் நிரப்பி வருகிறேன். நத்தை இப்போது குடும்பஸ்தன்.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது, கமென்சலிசம். கம் என்றால் சேர்ந்து, மென்சா என்றால் மேஜை. ஒரே மேஜையில் சாப்பிடுகிற உறவு. மாடு மேயும்போது கிளம்பும் பூச்சிகளைக் கொக்கு பிடித்துத் தின்னும், மாட்டுக்கு அதில் லாபமுமில்லை நட்டமுமில்லை, திரும்பிக்கூடப் பார்க்காது. நம் சாப்பாட்டு மேஜையில் மாடு யார், கொக்கு யார் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும், சொல்லவில்லை. உப்பு வேண்டுமென்றால் ‘உப்பு’ என்று மேஜையிடம் சொல்வாய், நான் நகர்த்தி வைப்பேன். கொக்குக்கு அதுவே பெரிய காரியமாக இருந்தது.

வேளைக்குச் சாப்பிடு, ஜன்னலைத் திற, இந்தப் பருவத் தேர்வை மட்டுமாவது எழுதிவிட்டு முடிவு செய். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், நினைத்தது கைகூட வேண்டும்.

கடைசியாக ஒன்று, முதல் வரியிலேயே எழுத நினைத்துத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். நான் போனை எடுத்தால் நீ நேராக ‘அப்பா இருக்காரா’ என்றுதான் ஆரம்பிக்கிறாய். இனி அதற்கு முன்னால் என்னை ஏதாவது சொல்லிக் கூப்பிடுவாயா? அம்மா என்பது உன் அம்மாவுடையது, அது அவர் இடத்திலேயே இருக்கட்டும், அதை நகர்த்த நான் கேட்கவில்லை. சித்தி என்றாலும் சரி. அதுவும் வாயில் வரவில்லை என்றால் நீயே ஒன்றைச் செய்துகொள், ஹைட்ரோசைட் மாதிரி அபத்தமாக இருந்தாலும் நான் திரும்பிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,

(இந்த இடத்தை உனக்காக விட்டிருக்கிறேன்)